வாசகர் கேள்வி பதில்: ரீசெட் வேறு, துண்டிப்பு வேறு

கேள்வி: எங்கள் மாணவர் குழு 10 செ.மீ. பக்கமுள்ள கியூப்சாட் (கனசதுர வடிவச் சிறு செயற்கைக்கோள்) ஒன்றை உருவாக்கி வருகிறது. நாங்கள் தேர்ந்தெடுத்த மைக்ரோகண்ட்ரோலருக்குள்ளேயே வாட்ச்டாக் டைமர் இருக்கிறது. கணினி உறைந்துபோனால் அதுவே ரீசெட் செய்துவிடும் என்னும்போது, மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தனிச் சுற்று எதற்கு?

பதில்: விண்வெளிக் கதிர்வீச்சினால் கணினிக்கு நேரக்கூடிய கோளாறுகளில் முக்கியமான இரண்டை எடுத்துக்கொண்டால், அந்த வாட்ச்டாக் ஒன்றுக்குத்தான் மருந்தாகும். ஆற்றல் மிக்க துகள் நினைவகத்தில் ஒரு பிட்டைப் புரட்டி, அதனால் நிரல் வழிதவறிப் போனால், குறித்த நேரத்துக்குள் வாட்ச்டாக்குக்கு வரவேண்டிய சமிக்ஞை வராது, அது ரீசெட் செய்யும், கணினி மீண்டுவிடும். மற்றொன்றான லாட்ச்-அப் அப்படிப்பட்டதல்ல. சீமாஸ் வகைச் சில்லுகளில் பி, என் என்னும் இருவகைக் குறைக்கடத்திப் பகுதிகள் அடுத்தடுத்து அமைவதால், வடிவமைத்தவர் விரும்பாமலேயே ஒரு தைரிஸ்டர் (ஒருமுறை இயங்கினால் மின்னோட்டம் நிற்கும்வரை அணையாத சுவிட்ச்) உள்ளே உருவாகியிருக்கிறது. கனமான அயனி ஒன்று ஊடுருவி அதை இயக்கிவிட்டால், மின்வழங்கலுக்கும் தரைமுனைக்கும் இடையே ஏறக்குறைய குறுக்குச்சுற்றே ஏற்படும். பாயும் மின்னோட்டமே அந்தத் தைரிஸ்டரைத் தொடர்ந்து இயக்கத்தில் வைத்திருப்பதால், ரீசெட் முனையை எத்தனை முறை இழுத்தாலும் அது அடங்காது. மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்தினால்தான் அடங்கும். தாமதித்தால் சில்லின் நுண்ணிய உலோகத் தடங்கள் உருகிப்போகலாம்.

தேவையான சுற்று பெரியதன்று. கணினிக்குச் செல்லும் 3.3 வோல்ட் பாதையில் 0.1 ஓம் மின்தடையை வையுங்கள். 100 மில்லிஆம்பியர் பாயும்போது அதன் குறுக்கே 10 மில்லிவோல்ட்டும், 400 மில்லிஆம்பியர் பாயும்போது 40 மில்லிவோல்ட்டும் தோன்றும். இதைப் பெருக்கி, இரு மின்னழுத்தங்களை ஒப்பிடும் கம்பரேட்டர் ஒன்றுக்குக் கொடுத்தால், வரம்பு மீறியதும் அது மின்பாதையில் சுவிட்சாக நிற்கும் மாஸ்ஃபெட்டை அணைத்துவிடும். வரம்பை எங்கே வைப்பது என்பதில்தான் உங்கள் உழைப்பெல்லாம் செல்ல வேண்டும். கணினி தன் வேலைகளிலேயே அதிக மின்னோட்டம் எடுக்கும் வேலையைச் செய்யும்போது, மிகக் குளிரிலும் மிகச் சூட்டிலும் அளந்து பார்த்த பிறகே அதை முடிவு செய்யுங்கள். தொடக்கத் தருணத்தையும் மறந்துவிடக் கூடாது: 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 1 மில்லிசெகண்டில் 3.3 வோல்ட்டுக்கு ஏற்றவே 330 மில்லிஆம்பியர் வேண்டும். இதற்கு இடம் கொடுக்காத சுற்று, நல்ல கணினியையும் இயங்க விடாமல் மீண்டும் மீண்டும் அணைத்துக்கொண்டே இருக்கும்.

தானாக மீளும் பாலிமர் ஃப்யூஸை இதற்கு மாற்றாக நான் பரிந்துரைக்க மாட்டேன். அது சூடேறித்தான் செயல்படும், ஆகவே மெதுவானது. செயல்பட்ட பிறகும் சிறிது மின்னோட்டத்தைக் கசியவிடும். அந்தக் கசிவே லாட்ச்-அப்பைத் தக்கவைக்கப் போதுமானதாக இருக்கலாம்.

கேள்வி: எங்கள் சுற்று 10 மில்லிசெகண்ட் துண்டித்துவிட்டு மீண்டும் மின்சாரம் தருகிறது. துண்டித்த வேளையில் கணினியின் மின்முனையில் 1 வோல்ட்டுக்கு மேல் எஞ்சியிருப்பதை ஆசிலோஸ்கோப்பில் கண்டோம். இது சரியா?

பதில்: சரியன்று. இதை மேசையிலேயே கண்டுபிடித்தது உங்கள் நல்வாய்ப்பு. முதலில், மின்தேக்கிகள் வடிய நேரம் போதவில்லை. 100 மைக்ரோஃபாரட்டுக்கு இணையாக 1 கிலோஓம் வடிகால் மின்தடை இருந்தால் நேர மாறிலி 0.1 செகண்ட், அதைப் போல் ஐந்து மடங்கு, அதாவது அரை செகண்டாவது காத்திருக்க வேண்டும். நான் 1 செகண்ட் வைப்பேன்.

மற்றொரு காரணம் கண்ணுக்கு எளிதில் படாதது. கணினியின் மின்சாரம் நின்றாலும், சில்லுகள் தமக்குள் தரவு பரிமாறும் ஐ2சி தடத்தில் அதனோடு இணைந்த உணரி இன்னும் மின்சாரம் பெற்றுக்கொண்டிருக்கும். அத்தடத்தை மின்வழங்கலோடு இணைத்து உயர்நிலையில் வைத்திருக்கும் புல்-அப் மின்தடை வழியாக வரும் மின்னோட்டம் கணினியின் உள்ளீட்டு முனையிலுள்ள பாதுகாப்பு டையோடைக் கடந்து உள்ளே புகுந்துவிடும். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்ததற்கு இது சமம். புல்-அப்களைக் கணினியின் மின்தடத்திலிருந்தே எடுங்கள். மற்ற இணைப்புகளில், மின்சாரம் இல்லாதபோது தடத்தை விலக்கி வைக்கும் இடையகச் சில்லுகளைப் பயன்படுத்துங்கள். பிறகு மீண்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்து, கோடு சுழியைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வாட்ச்டாக்குக்கான சமிக்ஞையை டைமர் இன்டரப்டிலிருந்து (குறித்த இடைவெளியில் முதன்மை நிரலை இடைமறித்து ஓடும் சிறு நிரலிலிருந்து) அனுப்பலாமா?

பதில்: கூடாது. முதன்மை நிரல் முடங்கிக் கிடந்தாலும் இன்டரப்ட் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். வாட்ச்டாக் எல்லாம் நலம் என்றே நம்பும். ஒவ்வொரு பணியும் தன் வேலையை முடித்ததற்கு அடையாளமாக ஒரு கொடியை உயர்த்தட்டும். எல்லாக் கொடிகளும் உயர்ந்த பிறகே சமிக்ஞை போகட்டும். காத்திருக்கும் நேரம் கணினி துவங்கும் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். லினக்ஸ் இயங்கும் பலகை என்றால் இதில் கூடுதல் கவனம் தேவை.

நிலவை வரைபடமாக்கி முடித்த கிளமென்டைன் விண்கலத்தில் 1994 மே 7 அன்று கணினி கோளாறுற்றபோது, உந்துபொறிகள் நிற்காமல் இயங்கி எரிபொருளைத் தீர்த்துவிட்டன. ஜியோகிராஃபோஸ் என்னும் சிறுகோளை நோக்கிய பயணம் கைவிடப்பட்டது. அதன் கணினியில் வன்பொருள் வாட்ச்டாக் இருந்தும் அது பயன்படுத்தப்படவில்லை. ஆகவே உங்கள் வாட்ச்டாக்கை, மென்பொருளால் அணைக்க முடியாத தனிச் சில்லாக வெளியே வைத்து, அதன் வெளியீட்டை ரீசெட் முனைக்கு மட்டுமன்றி மேலே சொன்ன மாஸ்ஃபெட்டுக்கும் கொண்டுசெல்லுங்கள்.