21 கியரா, 9 கியரா?

கேள்வி: முதல் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) வாங்கப் போகிறேன். தேயிலைத் தோட்ட மண் பாதைகளில் ஓட்டுவதற்கு. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் என்று முடிவாகிவிட்டது. கிட்டத்தட்ட ஒரே விலையில் இரண்டு பார்த்தேன். ஒன்றில் 21 கியர் (முன்னால் 42-34-24 பல், பின்னால் 14 முதல் 28 வரை), கேபிள் டிஸ்க் பிரேக். மற்றதில் 9 கியர்தான் (முன்னால் 32, பின்னால் 11 முதல் 42 வரை), ஹைட்ராலிக் டிஸ்க். ஏற்றத்துக்கு 21 கியர்தான் சரி என்கிறார் கடைக்காரர். எதை எடுக்கலாம்?
- வாசகர், கோத்தகிரி

பதில்: 9 கியர் வண்டியை எடுங்கள். கியர் எத்தனை என்பதை விட்டுவிட்டு பல்லைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வண்டியின் மிக இலகுவான கியரில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 0.86 சுற்று வரும் (24-ஐ 28-ஆல் வகுத்தது), இரண்டாவதில் 0.76 தான், அதாவது செங்குத்தான ஏற்றத்தில் காலுக்குச் சுலபமாக இருக்கப்போவது கடைக்காரர் வேண்டாம் என்ற வண்டிதான். மிக வேகமான கியரில் முதல் வண்டிக்கு 3 சுற்று, இரண்டாவதுக்கு 2.91, இந்த வித்தியாசம் ஓட்டும்போது தெரியவே தெரியாது. 21-இல் பல கியர்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமம்.

அப்புறம் பிரேக். மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கும்போது ஹைட்ராலிக்கின் அருமை விரல்களுக்குத் தெரியும், இரண்டு விரலே போதும், பேட் தேயத் தேய அதுவே சரிசெய்துகொள்ளும், கேபிள் என்றால் நீங்கள்தான் அடிக்கடி முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

யாரும் சொல்லாத இன்னொன்று பின் ஹப், அதாவது பின்சக்கரத்தின் நடுப்பகுதி. 14-28 பல் கொண்ட 7 கியர் செட் பொதுவாக ஹப்பில் திருகி மாட்டும் ஃப்ரீவீல். அதில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் முனைக்குத் தாங்கல் இல்லை, குண்டும் குழியுமான பாதையில் அது வளைந்துபோகலாம். 11 பல்லில் தொடங்கும் 9 கியர் பெரும்பாலும் கேசட் (திருகாமல் ஹப்பின் மேல் செருகி மாட்டும் பல் செட்), அங்கே இந்தத் தொல்லை குறைவு. கடையில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஃபோர்க்கை, அதாவது முன்பக்க சஸ்பென்ஷனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இந்த விலையில் இரண்டிலும் ஸ்பிரிங்தான் இருக்கும், அது 100 மில்லிமீட்டர் அமுங்கினால் போதும்.

ஆனால் ஃப்ரேம் அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடையில் இருப்பது பெரிய அளவு மட்டும் என்றால், சீட்டை இறக்கிக்கொள்ளலாம் என்பார்கள். சீட்டை இறக்கினாலும் ஹேண்டில்பார் கிட்டே வந்துவிடாது. உங்கள் அளவு வரும்வரை காத்திருந்தே வாங்குங்கள்.