காற்று விட்டு விட்டு வீசும்போது சிறிய விமானங்கள் தரையிறங்கையில் ஏன் விபத்துக்குள்ளாகின்றன?

ஒரே சீராக வீசும் பலத்த காற்றைவிட, திடீரென எழுந்து அடங்கும் காற்றுதான் வில்லன். இறக்கையின் தூக்குவிசை, சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட விமான வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் இறங்கும்போது எதிர்க்காற்று சட்டென்று 10 நாட் குறைந்தால், தூக்குவிசையில் சுமார் 30 சதவீதம் போய்விடும். ஓடுபாதைக்குச் சில அடி உயரத்தில் அதை மீட்க நேரம் ஏது?

அதனால்தான் காற்று 15 நாட், உச்ச வீச்சு 25 நாட் என்றால், வித்தியாசத்தில் பாதியான 5 நாட்டை இறங்கு வேகத்தோடு கூட்டிக்கொள்வது வழக்கம். அளவுக்கு மீறிக் கூட்டினாலும் வம்புதான்: விமானம் உட்காராமல் மிதந்துகொண்டே போகும். பொறுமையிழந்து மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் மோதித் துள்ளும்.

சக்கரம் தொட்டதும் வேலை முடிந்ததென்று கட்டுப்பாட்டைத் தளர்த்துவதும் பெரிய தப்பு. பக்கக்காற்று வாலைத் தள்ள, மூக்கு காற்றை நோக்கித் திரும்பி, விமானம் பாதையை விட்டு ஓடிவிடும்.