நல்லதுக்கா, கெட்டதுக்கா? பூக்கள் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகளின் நிச்சயதார்த்த மேடையை அலங்கரிக்க வந்தவர், பூக்களின் நிறங்களுக்குப் பொருள் அச்சிட்ட ஓர் அட்டையைக் காட்டினார். சிவப்பு காதல், மஞ்சள் நட்பு, வெள்ளை துக்கம் என்று அதில் இருந்தது. அதைப் பார்த்த சம்பந்தியம்மா, மேடையில் வெள்ளைப் பூவே கூடாது என்கிறார். மல்லிகையும் வெள்ளைதானே?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: சம்பந்தியம்மாவின் கொண்டையில் அன்றைக்கு என்ன பூ இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மல்லிகையாகத்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

அந்த அட்டை நம் ஊர்ச் சரக்கு அன்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துருக்கித் தலைநகரில் வாழ்ந்த ஆங்கிலேயத் தூதரின் மனைவி, அங்கே பூவையும் பழத்தையும் அனுப்பியே சேதி சொல்லிக்கொள்ளும் வழக்கம் உண்டென்று ஊருக்குக் கடிதம் எழுதினார். அந்தச் செய்தியில் ஐரோப்பியர்களுக்குப் பிறந்த மோகம், 1819இல் ஷார்லோத் தெ லதூர் என்ற புனைபெயரில் பாரிசில் வெளிவந்த மலர்மொழி நூலுக்குப் பிறகு பெரும் வணிகமாகவே வளர்ந்துவிட்டது. இந்தப் பூவுக்கு இந்தப் பொருள் என்று அகராதி போட்ட நூல்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று சொன்னதை இன்னொன்று மறுத்தது. மஞ்சள் ரோஜாவுக்குப் பொறாமை என்று அன்று பொருள் எழுதினார்கள். இன்றைய வாழ்த்து அட்டைகளில் அதே ரோஜா நட்பாகிவிட்டது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் கட்சி மாறிய ஒரு பொருளை நம்பி உங்கள் வீட்டு மேடையை ஏன் மாற்ற வேண்டும்?

நம் வழக்கில் பூவுக்குப் பொருள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது நிறத்தில் இல்லை என்றே சொல்கிறேன். தொல்காப்பியம் போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவின் பெயரைச் சூட்டியிருக்கிறது. பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி. நாம் இட்லிப்பூ என்று சொல்கிறோமே, அந்தச் சிவந்த பூதான். ஆனால் இரு வேந்தர்கள் தத்தம் வலிமையைக் காட்ட நேருக்கு நேர் மோதி மடிகிற கடும்போருக்கு வைத்த பெயர் தும்பை. கொருக்குப்பேட்டை ரயில் பாதையோரத்தில் மழைக்குப் பின் முளைக்கிறதே, அந்தச் சின்னஞ்சிறு வெள்ளைப் பூ. மேற்கே சமாதானத்தைக் குறிக்கும் வெள்ளை இங்கே போர்க்களத்தில் நின்றது. அதே தும்பையைச் சொல்லித்தான் வெளுப்பையும் பாராட்டுகிறோம். துணி வெளுத்தவர்களால் பெயர் பெற்ற பேட்டையில் குடியிருக்கும் உங்களுக்கு, 'தும்பைப்பூவாட்டம் வேட்டி' என்ற பேச்சை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு பூவை யார், எதற்காகச் சூடுகிறார் என்பதே நம்மிடம் பொருளைத் தீர்மானித்தது. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று வைத்தது அழகுக்காக அன்று. போர்க்களத்தில் எந்தப் படை யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் என்று தொல்காப்பியமே சொல்கிறது. இன்றைய சொல்லில் சொன்னால் அது சீருடை.

சென்ற மாதம் பத்ரியன் தெருவில் மாலை வாங்கப் போயிருந்தேன். வாழைநாரை விரலில் சுற்றிக்கொண்டு சம்பங்கியைத் தொடுத்துக்கொண்டிருந்த பெரியவர், தலை நிமிராமலேயே, "நல்லதுக்கா, கெட்டதுக்கா?" என்றார். என்ன நிறம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவர் முன் இருந்த கூடை ஒன்றுதான். நல்லதுக்கு என்றதும் அதிலிருந்தே சம்பங்கியை அள்ளி நெருக்கமாகக் கட்டி, இடையிடையே ரோஜாவை வைத்து, ஜிகினா சுற்றி, கீழே குஞ்சம் தொங்கவிட்டார். எனக்குப் பின்னால் நின்றவர் மற்றதைச் சொன்னார். அவருக்கும் அதே கூடையிலிருந்துதான் பூ போனது, ஜிகினா மட்டும் போகவில்லை.

ஆகவே மல்லிகையும் சம்பங்கியும் தாராளமாக மேடையில் இருக்கட்டும். சம்பந்தியம்மாவின் மனம் சமாதானப்பட வேண்டுமென்றால் நடுவே கொஞ்சம் கனகாம்பரத்தைச் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். அதற்கு மணம் இல்லை என்ற குறையை மல்லிகை பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் தெருக் கால்பந்து அணி கோப்பை வென்றபோது 'வாகை சூடிய வீரர்களே' என்று பதாகை வைத்தோம். வாகை என்பது எந்தப் பூ? விளையாட்டுக்கு அந்தச் சொல் பொருந்துமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: மஞ்சளும் பச்சையும் கலந்த வெளிறிய நிறத்தில், மெல்லிய நூல்களைக் கொத்தாகக் கட்டியதைப் போல இருக்கும் பூ அது, பார்த்தால் வெற்றியின் மிடுக்கு எதுவும் தெரியாது. சாலையோரத்தில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை வாகை என்று பலர் காட்டுவார்கள். அது வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்கார மரம். வாகையின் காய்ந்த நெற்று காற்றில் கலகலவென்று ஒலிக்கும். அதை வைத்து மரத்தை அடையாளம் காணலாம். சொல் தாராளமாகப் பொருந்தும். தொல்காப்பியத்தில் வாகை போர் வெற்றிக்கு மட்டும் உரியதன்று. அவரவர் தம் தம் துறையில் மற்றவரை விஞ்சி நிற்பதையெல்லாம் அது வாகை என்கிறது. பதாகையைக் கழற்ற வேண்டாம்.

கேள்வி: எங்கள் கோவிலில் மகிழ மரத்துக்கு ஏன் இவ்வளவு சிறப்பு என்று என் பேத்தி கேட்கிறாள். மகிழம்பூ எதைக் குறிக்கிறது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: சத்தியத்தை. உங்கள் ஊரில் மட்டுமாவது அதற்கு அந்தப் பொருள் உண்டு.

கதையே பூவில்தான் தொடங்குகிறது. தியாகராஜர் கோவிலில் இறைவனுக்கு மாலை தொடுக்கும் பணியைச் செய்துவந்த சங்கிலியாரைக் கண்டு சுந்தரர் மனம் பறிகொடுத்தார். உன்னைப் பிரியேன் என்று இறைவன் சன்னதியில் சத்தியம் செய்தால்தான் மணப்பேன் என்பது சங்கிலியாரின் நிபந்தனை. திருவாரூரை விட்டு இருக்க முடியாத சுந்தரர், சத்தியம் செய்யும் நேரத்தில் சன்னதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி சிவனிடமே வேண்டிக்கொண்டார். சரி என்ற இறைவன், மகிழடியில் சத்தியம் கேள் என்று அந்தப் பக்கமும் சொல்லி வைத்துவிட்டார். தோழரை நம்பிய சுந்தரர் மரத்தடியில் மாட்டிக்கொண்டார். பிறகு வசந்த விழாவின் நினைவில் திருவாரூருக்குப் புறப்பட்டவர், ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண்பார்வையை இழந்தார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடப்பது இதனால்தான்.

பேத்தியை ஒருநாள் விடியற்காலையில் மகிழ மரம் இருக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவில் மலர்ந்த பூ விடியும்போது தானாக உதிர்ந்து கிடக்கும். பறிக்க வேண்டியதில்லை, பொறுக்கினால் போதும். நாலணாவைவிடச் சிறிய வெளிர்வெள்ளைப் பூ. நடுவில் துளை இருப்பதால் முடிச்சுப் போடாமலேயே நூலில் கோத்துவிடலாம். நாள் செல்லச் செல்ல அது பழுப்பாகிச் சுருங்கும். ஆனால் அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்துப் பல நாள் கழித்து எடுத்தாலும் மணம் அப்படியே இருக்கும். சத்தியத்துக்கு இந்தப் பூவைத் தேர்ந்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள் என்பது என் எண்ணம். நூல் ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

கேள்வி: நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குச் சாமந்தி வாங்கித்தான் அம்மாவின் கல்லறையை அலங்கரிக்கிறோம். அதே பூவை ஆயுத பூஜைக்கு எதிர்வீட்டார் இயந்திரங்களுக்குப் போடுகிறார்கள். அது சாவுப் பூவா, பூஜைப் பூவா?
– வாசகி, காசிமேடு

பதில்: இரண்டும்தான். அந்தப் பருவத்தில் மலிவாக, வாடாமல், நிறையக் கிடைக்கும் பூ அது என்பதே பெரிய காரணம். பிரான்சிலும் அதே வாரத்தில்தான் கல்லறைகளில் சாமந்தியை வைக்கிறார்கள். அதனால் அங்கே விருந்துக்குப் போகும் வீட்டுக்கு அதை எடுத்துச் சென்றால் முகம் சுளிப்பார்கள். ஜப்பானிலோ 16 இதழ்கள் கொண்ட சாமந்திதான் அரச குடும்பத்தின் முத்திரை. அம்மாவுக்குப் பிடித்த வேறு பூ இருந்தால் அதையும் ஒரு கைப்பிடி சேர்த்து வையுங்கள்.

கேள்வி: தாழம்பூ பொய் சொன்ன பூ என்பதால் மகளுக்குப் பின்னலில் வைத்துத் தைக்கக் கூடாது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உண்மையா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சிவனின் முடியைக் கண்டதாகப் பிரம்மனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னது என்ற அண்ணாமலைக் கதையால் சிவபூஜையிலிருந்துதான் அது விலக்கப்பட்டது. பெண்களின் பின்னலுக்கு அந்தத் தடை ஒருபோதும் இருந்ததில்லை. தாழம்பூ ஜடை போட்டு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்ட பாட்டிமார் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். மடலின் இரு ஓரத்திலும் இருக்கும் முள்ளைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டுத் தையுங்கள்; இல்லாவிட்டால் குழந்தையின் கழுத்தில் கீறும்.