அடுப்படியில் ஆன்ம விசாரம்: இல்லறத்தார் கேள்விகளுக்குப் பதில்கள்

திருவண்ணாமலையில் வாழ்ந்த பகவான் ரமணர் காட்டிய வழியில், குடும்பத்தில் இருந்தபடியே நடக்க முயலும் அன்பர்கள் சிலர் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் துறவியும் அல்லன், பண்டிதனும் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வழியைச் சொல்லும் நூல்களைப் படித்தும், படித்ததை வீட்டில் கடைப்பிடிக்கப் போய்ப் பலமுறை சறுக்கியும் வந்திருக்கும் ஓர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். அந்த அளவுக்கு மட்டுமே என் பதில்களை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி (மதுரையிலிருந்து ஓர் இல்லத்தரசி): ஐயா, விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தால்தான் எனக்கென்று அரை மணி நேரம் கிடைக்கிறது. அதிலும் மாமியார் காபிக்குக் கூப்பிட்டுவிடுகிறார். கண்ணை மூடினால் குக்கர் விசிலை எண்ணத்தான் தோன்றுகிறது. என் போன்றவர்களுக்கு இந்த வழி வாய்க்குமா?

பதில்: வாய்க்கும், அம்மா. கண்ணை மூடி உட்கார்வதுதான் விசாரம் (‘நான் யார்’ என்று உள்ளே தேடுவது) என்று நாமாக முடிவு செய்துகொண்டதனால் வந்த சோர்வு இது. ரமணரின் ‘நான் யார்?’ என்னும் சிறு நூலில் சொல்லப்பட்டிருப்பது மிகவும் எளிய ஒரு செயல்: எண்ணம் ஒன்று எழும்போது, இது யாருக்கு எழுந்தது என்று திரும்பிப் பார்ப்பது. அதற்கு மணைப்பலகையும் வேண்டாம், மூடிய அறையும் வேண்டாம். மாமியார் கூப்பிட்டவுடன் ‘என்னை ஐந்து நிமிடம்கூட விடமாட்டார்களா’ என்று உள்ளே ஒன்று சுருக்கென்று எழுகிறதே, அந்த ‘என்னை’ எங்கிருந்து எழுந்தது என்று காபி ஆற்றிக்கொண்டே பார்க்கலாம். மூன்று வினாடி போதும். ஆனால் ஒரு நாளில் அப்படி முப்பது தடவை வாய்க்கும். அமைதியான அரை மணி நேரத்தில் இவ்வளவு நல்ல வாய்ப்புகள் வருவதில்லை.

ரமணரின் தாயார் அழகம்மாள் மலையில் மகனோடு தங்கியிருந்த நாட்களில், ஒருமுறை அப்பளம் இடுவதற்குக் கைகொடுக்கும்படி அழைத்தார். மகன் எழுந்து வராமல் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் அகந்தைதான் உளுந்து. ‘நான் யார்’ என்னும் விசாரம்தான் அதை உடைக்கும் திரிகை. சத்சங்கம் பிரண்டைச் சாறு. மன அடக்கமும் புலனடக்கமும் சீரகமும் மிளகும். நல்ல வாசனைகள், அதாவது மனத்தில் ஊறிய நல்ல பழக்கங்கள், பெருங்காயம். எழுத்தறிவு குறைந்த ஒரு தாய்க்கு வேதாந்தம் முழுவதையும் அவர் கைப்பழக்கத்தில் இருந்த பொருள்களைக் கொண்டே சொல்லிவிட்டார் என்பதுதான் அந்தப் பாட்டில் எனக்கு வியப்பு. (வேலைக்குக் கூப்பிட்டால் பாட்டெழுதித் தரும் உபாயத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் பின்பற்ற வேண்டாம். பிற்காலத்தில் அதே ரமணர், விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையலறையில் பல ஆண்டுகள் காய் நறுக்கினார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.)

கேள்வி (பெங்களூரில் மென்பொருள் பணியில் இருக்கும் 26 வயது இளைஞர்): ரமணர் பதினாறு வயதில் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பினார். நானும் வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கே வந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை. அவர்களிடம் சொன்னால் தடுப்பார்கள். சொல்லாமல் வருவது தவறா?

பதில்: தம்பி, 1896 ஆகஸ்டு 29ஆம் தேதி அவர் மதுரையில் விட்டுச் சென்ற கடிதத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ‘நான்’ என்று தொடங்கும் அந்தக் கடிதம், இரண்டாம் வரியிலேயே தன்னை ‘இது’ என்று சொல்லத் தொடங்கிவிடுகிறது. முடியும்போது கையெழுத்தும் இல்லை, கையெழுத்துக்குரிய இடத்தில் ஒரு கோடுதான் இருக்கிறது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜூலை மாதத்தில், மரண பயத்தை நேருக்கு நேர் பார்த்து, இறப்பது உடல்தான் என்று தெளிந்துவிட்ட ஒரு பிள்ளை எழுதியது அது. ‘முடிவு செய்துவிட்டேன்’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். முடிவு செய்வதற்கு அங்கே ஒருவர் மிச்சமாக இருந்தாரா என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

அந்தக் கடிதத்தில் நான் மிகவும் மதிப்பது வேறொரு செய்தி. தம் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டும்படி அண்ணன் எடுத்துக்கொள்ளச் சொன்ன ஐந்து ரூபாயில் பயணத்துக்கென்று மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்து, சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதையும் எழுதிவைத்துவிட்டுத்தான் அவர் போனார். யாரும் வருந்த வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்கவும் வேண்டாம் என்றும் எழுதினார். வீட்டை விட்டுப் போகிறவருக்கு வீட்டுக் கணக்கு இவ்வளவு நினைவில் இருந்தது. உங்கள் வீட்டுக் கடன், பெற்றோரின் மருத்துவச் செலவு, அவர்களின் முதுமைக்கான ஏற்பாடு ஆகியவற்றின் கணக்கை முதலில் எழுதிப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

அவர் திரும்பி வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1898 டிசம்பரில் தாயார், அவர் அப்போது தங்கியிருந்த பவழக்குன்றுக்கு வந்து நாள் கணக்கில் அழுதபோது, நடக்காதது என்ன முயன்றாலும் நடக்காது, நடப்பது என்ன தடுத்தாலும் நில்லாது, ஆகவே மௌனமாக இருப்பதே நல்லது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பலரும் கதையை அந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 1916இல் அதே தாய் மகனோடு இருக்க வந்தார். பின்னர்த் தம்பியும் வந்து சேர்ந்தார். 1922 மே 19 அன்று தாயின் இறுதி நாளில், ஒரு கையை அவர் மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி, உயிர் அடங்கும் வரை மகன் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். தம்மிடம் துறவுக்கு அனுமதி கேட்டு வந்த இல்லறத்தார்களுக்கு அவர் பொதுவாக ஊக்கம் கொடுக்கவில்லை; இன்று ‘நான் குடும்பஸ்தன்’ என்னும் எண்ணம் இருக்கிறது, நாளை ‘நான் சன்னியாசி’ என்னும் எண்ணம் அந்த இடத்தில் வந்து உட்காரும் என்பதே அவர் சொன்ன காரணம்.

விடுமுறை எடுத்துக்கொண்டு பத்து நாள் வந்து தங்குங்கள். பெற்றோரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை): என் கணவர் இரண்டு ஆண்டுகளாகத் தியானம் செய்கிறார். அதன் பிறகு வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்டால்கூட, ‘எல்லாம் பிராரப்தம்’ (முன்வினைப் பயன்) என்கிறார். கோபித்துக்கொண்டால், ‘மௌனம்தான் உபதேசம்’ என்கிறார். நான்தான் அவருடைய முன்னேற்றத்துக்குத் தடையோ என்று தோன்றுகிறது.

பதில்: நீங்கள் தடை இல்லை, அம்மா. உங்கள் கணவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

ரமணரின் மௌனத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவர் எவ்வளவு பேசினார் என்பதை மறந்துவிடுகிறோம். ஆரம்ப ஆண்டுகளில் பேசாதிருந்ததும் விரதம் பூண்டதனால் அன்று, பேசத் தோன்றாததனால்தான். பிற்காலத்தில் தினமும் செய்தித்தாள் பார்த்தார். வந்த கடிதங்களுக்கு எழுதப்பட்ட பதில்களைச் சரிபார்த்தார். பெரிய புராணக் கதையைச் சொல்லிக்கொண்டே வரும்போது தொண்டை அடைத்துப் பாதியில் நிறுத்தினார். அணிலிடமும் ஆசிரமப் பசு லட்சுமியிடமும் பேசினார். பேச்சு அடங்குவதும் ‘நான்’ அடங்குவதும் வேறு வேறு. வாயை மூடிக்கொண்டு, உள்ளே ‘இந்த அஞ்ஞானிகளுக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டேனே’ என்று ஓடிக்கொண்டிருந்தால், அதைவிடச் சத்தம் வேறில்லை.

பிராரப்தம் என்ற சொல் நமக்கு நேர்ந்த ஒன்றைத் தாங்கிக்கொள்ள உதவும் சொல். பிள்ளைக்கு எந்தப் பள்ளி, எந்தப் பாடம் என்று மனைவி கேட்கும் கேள்விக்கு அது பதில் ஆகாது.

எனக்குத் திருமணமாகிப் பத்தாம் ஆண்டு வாக்கில், காலையில் ஒரு மணி நேரம் பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் பழக்கம் இருந்தது. ஒருநாள் என் மனைவி மிகவும் சாதாரணமாக, “அந்த அறைக்குள்ளே போகும்போது நல்லாத்தான் போறீங்க, வெளியே வரும்போதுதான் எரிஞ்சு விழுறீங்க” என்றார். நான் படித்த எந்த நூலும் என் ஆன்ம சாதனையை இவ்வளவு துல்லியமாக மதிப்பிட்டதில்லை. அன்றிலிருந்து கதவைச் சாத்துவதில்லை. உங்கள் கணவரிடம் நீங்களும் தத்துவம் பேசாமல், ‘இரண்டு ஆண்டுக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது உங்களோடு இருப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது’ என்று ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. தூக்கமும் பசியும் குறைந்து, முன்பு பிடித்தமாக இருந்த எதிலும் நாட்டமில்லாமல் அவர் இருந்தால், அது வைராக்கியமாக இல்லாமல் மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதனால் எந்தச் சாதனையும் கெட்டுவிடாது.

கேள்வி (சேலத்திலிருந்து ஓர் அன்பர்): நான் அசைவத்தை விட்டுவிட்டேன். வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. வீட்டில் மற்றவர்கள் விடவில்லை. எனக்கென்று தனியாகச் சமைக்க மனைவி சலித்துக்கொள்கிறார்.

பதில்: சலித்துக்கொள்ளத்தான் செய்வார். மிதமான சாத்விக உணவையே எல்லா நியமங்களிலும் சிறந்ததாக ‘நான் யார்?’ சொல்கிறது, நாம் ‘சாத்விக’ என்பதைப் பிடித்துக்கொண்டு ‘மித’ என்பதை விட்டுவிடுகிறோம். அசைவத்தை விட்டது நல்லது, அதைத் தொடருங்கள். வெங்காயத்தைப் பொறுத்தவரை, ஆசாரத்தில் ஊறிய தாயாரிடம் ‘பார்த்துக்கொள், மோட்சத்துக்கு வெங்காயம் பெரிய தடை!’ என்று ரமணரே கேலி செய்ததுண்டு. உங்களுக்குத் தனிச் சமையல் வேண்டுமென்றால் அதை நீங்களே செய்துகொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் நியமம் தானாகவே எளிமையாகிவிடும்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம் என்று ஒரு தாய்): சென்ற ஆண்டு என் மகனை இழந்தேன். இத்தனை வருடம் பக்தி செய்தும் இப்படி அழுகிறாயே, ஆத்மாவுக்கு அழிவில்லை என்று படித்ததெல்லாம் என்னவாயிற்று என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எனக்கும் அதே கேள்விதான்.

பதில்: அம்மா, அழுங்கள். அவர்கள் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை.

மண்டகொளத்தூரைச் சேர்ந்த எச்சம்மாள், குறுகிய காலத்துக்குள் கணவரையும் மகனையும் மகளையும் அடுத்தடுத்து இழந்தவர். யாத்திரை போய்ப் பார்த்தும் ஆறாமல், ரமணர் அப்போது தங்கியிருந்த மலைமேல் விருபாக்ஷி குகைக்கு ஏறி வந்து, ஒரு மணி நேரம் எதுவும் பேசாமல் ரமணர் முன் நின்றார். ரமணரும் எதுவும் சொல்லவில்லை. ஆத்மா அழியாதது என்ற போதனை அங்கே நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த அம்மையார் இறங்கிப் போகும்போது பாரம் குறைந்திருந்தது. அன்று முதல் 1945இல் தாம் மறையும் வரை ரமணருக்கு உணவு கொண்டுவந்து கொடுப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். இதற்கிடையில் எச்சம்மாள் எடுத்து வளர்த்த பெண் செல்லம்மாளும் இறந்துபோனார். அந்தத் தந்தியைக் கொண்டுவந்து கொடுத்தபோது, படித்த ரமணரின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. இறந்த பெண்ணின் குழந்தையைக் கொண்டுவந்து அவர் கைகளில் வைத்தபோதும் அவர் கண் கலங்கினார். ஞானி என்று நாம் வணங்குகிறவரே அழுத இடத்தில், தாய் அழுவதற்குக் கணக்குக் கேட்பவர்களை விட்டுத் தள்ளியிருங்கள். இப்போதைக்கு விசாரம் எதுவும் செய்ய முயல வேண்டாம். யார் பக்கத்தில் உட்கார்ந்தால் பேசாமல் இருக்க முடிகிறதோ, அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

கேள்வி (தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி): பூர்வீக நிலத்தில் என் பங்கைத் தர அண்ணன் மறுக்கிறார். வழக்குப் போட்டால் சாதகனுக்கு அழகா? போடாவிட்டால் பிள்ளைகளுக்குத் துரோகமாகிறது.

பதில்: வழக்குப் போடுங்கள். 1936இல் ஆசிரமம் சம்பந்தமான ஒரு வழக்கில், நீதிமன்றம் நியமித்த ஆணையர் ஆசிரமத்துக்கே வந்து கேட்ட கேள்விகளுக்கு ரமணரே அமர்ந்து பதில் சொல்லியிருக்கிறார். பிறர் எவ்வளவு கெட்டவர்களாய்த் தோன்றினும் அவர்களை வெறுத்தலாகாது என்பதுதான் நூல் சொல்லும் விதி. உரிமையைக் கேட்கக் கூடாது என்று அதில் இல்லை. 1924 ஜூன் மாதத்தில் ஒரு நள்ளிரவில் திருடர்கள் புகுந்து அவரைத் தொடையில் அடித்தபோதும், திருப்பித் தாக்கக் கிளம்பிய அடியாரை அவர் தடுத்துவிட்டார். வழக்கறிஞரிடம் பேசவேண்டியதைப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும், இரவு பத்து மணிக்கு மனம் அண்ணனோடு வாதாடிக்கொண்டிருக்கிறதே, உங்களுக்குரிய வேலை அங்கேதான் இருக்கிறது. ஊரில் பெரியவர்களை வைத்து ஒருமுறை சமரசம் பேசிப் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை; பேசாமலிருந்தால் அதை முதலில் செய்யுங்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து ஓர் அன்பர்): என் அக்கா ஒரு குருவிடம் தீட்சைக்கென்று நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருக்கிறார். இன்னும் மேல்நிலை தீட்சைகள் உண்டாம். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

பதில்: அக்காவின் குருவைத் திட்டினால் அவர் இன்னும் உறுதியாக அங்கே நிற்பார். ரமணர் தீட்சை என்று எதையும் சடங்காகச் செய்ததில்லை, கட்டணமும் வாங்கியதில்லை. யாராவது அவருக்கென்று தின்பண்டம் கொண்டுவந்தால்கூட எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்ட பிறகே தம் பங்கை எடுத்துக்கொள்வார். இதை ஒரு வாதமாக இல்லாமல் ஒரு கதையாக அக்காவிடம் சொல்லுங்கள். நகையை மீட்க எவ்வளவு வேண்டும், வட்டி எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும் காகிதத்தில் எழுதி அவரிடம் கொடுங்கள். நான் வங்கியில் இருந்தவன். அடகுச் சீட்டைப் பார்த்துத் தெளிந்தவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி (வேலூரிலிருந்து ஒரு தம்பதியர்): பௌர்ணமிதோறும் இருவரும் கிரிவலம் வருகிறோம். என் கணவர் ஜபம் செய்தபடி வேகமாகப் போய்விடுகிறார். மூட்டு வலியால் நான் பின்தங்கிவிடுகிறேன். கூட்டத்தில் தேடுவதிலேயே பாதி நேரம் போகிறது. தனித்தனியாகச் சுற்றுவதுதான் பலன் என்கிறார் இவர்.

பதில்: கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல அதில் நடக்க வேண்டும் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ரமணரும் அதை எடுத்துச் சொன்னதுண்டு. ஆகவே வேகத்தைப் பொறுத்தவரை வழக்கு அம்மாவின் பக்கம் தீர்ந்துவிட்டது. பௌர்ணமிக் கூட்டத்தைத் தவிர்த்துச் சாதாரண நாளில் விடியுமுன் கிளம்புங்கள், வெயிலுக்கு முன் வந்துவிடலாம். வழியில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் மூட்டு தாங்கும். தண்ணீர்ப் பாட்டிலை ஐயா எடுத்துக்கொள்ளட்டும்.