கிணற்றில் கயிறு விடும் பழக்கம்: வாசகர் கேள்வி பதில்

முப்பத்தோரு வருடம் புவியியல் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வுபெற்று, சென்னை மடிப்பாக்கத்தில் வசிக்கும் டீச்சரம்மா, தண்ணீர், மின்சாரம், வீட்டுப் பழக்கங்கள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். நான் வாளியில்தான் குளிக்கிறேன். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து வைத்து வீடு துடைக்கிறேன். கீழ்வீட்டுக்காரரோ தினமும் ஹோஸ் பிடித்துக் கார் கழுவுகிறார். கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவை எல்லோரும் சமமாகப் பங்கு போடுகிறோம். நான் ஒருத்தி சிக்கனமாக இருந்து என்ன ஆகப்போகிறது டீச்சர்?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது அம்மா. ஆனால் கார் கழுவுகிறவர்தான் அதிகம் செலவழிக்கிறார் என்று எப்படித் தெரியும்? கண்ணில் படுகிறார், அவ்வளவுதான்.

துரைப்பாக்கத்தில் என் தங்கை இருக்கும் குடியிருப்பில் 18 வீடுகள். அங்கேயும் இதே சண்டை. மூன்றாவது மாடியில் நான்கு பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள், எல்லாப் பழியும் அவர்கள் மேல் விழுந்தது. கடைசியில் வீட்டுக்கு ஒரு மீட்டர் பொருத்தினார்கள். முதல் மாத ரீடிங் பலகையில் ஏறியபோது முதலிடத்தில் இருந்தது ஒரு வயதான தம்பதியின் வீடு. இரண்டே பேர், துளியும் வீணாக்காதவர்கள். தேடிப் பார்த்தால் அவர்கள் குளியலறை ஃபிளஷ் டேங்கில் சத்தமே இல்லாமல் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாகவோ! அவர்கள் கூசிப்போய்விட்டார்கள், பாவம். பிளம்பர் வந்து ரப்பர் வாஷர் மாற்றியதோடு முடிந்தது. அந்தக் கோடையில் மாதம் ஒன்பது லாரி வந்த இடத்தில் ஆறு போதுமானதாக இருந்தது.

உங்கள் குடியிருப்பிலும் தண்ணீர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. செலவைச் சமமாகப் பங்கு போடுவதால் யாருக்கும் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஒருவர் மிச்சம் பிடித்தால் அந்த லாபம் 24 பங்காகக் கரைந்துபோகும். ஒருவர் வீணடித்தாலும் நஷ்டம் 24 பங்காகக் கரையும். இப்படி ஓர் ஏற்பாட்டுக்குள் வைத்துவிட்டு, நல்லவர்களாக இருங்கள் என்று மனிதர்களைக் கெஞ்சிப் பயனில்லை. ஏற்பாட்டை மாற்றவேண்டும். சங்கக் கூட்டத்தில் காரைப் பற்றிப் பேசாதீர்கள், மீட்டரைப் பற்றிப் பேசுங்கள். அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் ராத்திரி ஃபிளஷ் டேங்கில் நான்கு சொட்டு நீலம் விடச் சொல்லுங்கள். கால்மணி நேரம் தண்ணீர் திறக்காமல் இருந்து, கழிவறைக் கோப்பையில் நீலம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் ஒழுகுகிறது.

இப்படி மொத்த ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்ப்பதை ஆங்கிலத்தில் சிஸ்டம்ஸ் திங்கிங் என்கிறார்கள். நான் வகுப்பில் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை மேசைமேல் வைத்து, இது எங்கிருந்து வந்தது, இங்கிருந்து எங்கே போகும், போன இடத்தில் என்ன செய்துவிட்டு நம்மிடமே திரும்பி வரும் என்று கேட்பேன். முதல் இரண்டு கேள்விக்குப் பிள்ளைகள் உடனே பதில் சொல்வார்கள். மூன்றாவதில் வகுப்பே அமைதியாகிவிடும்.

இன்னொன்று. ஆர்.ஓ. தள்ளும் தண்ணீரைச் சேர்த்துவைப்பது நல்லதுதான். அதைவிட முதலில் உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, எவ்வளவு என்று சோதியுங்கள். அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. வேண்டாம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019லேயே சொல்லியிருக்கிறது. ஒரு லிட்டர் குடிக்க மூன்று லிட்டர் வெளியே போகிறது என்றால், அந்த மெஷின் தேவையா என்பதுதான் முதல் கேள்வி.

கேள்வி: மழைநீர் சேகரிப்பு 2003லேயே எல்லா வீட்டுக்கும் கட்டாயமாகிவிட்டது. அப்புறம் ஏன் 2015ல் அவ்வளவு பெரிய வெள்ளம், 2019ல் ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலைமை?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: தம்பி, இதற்கு எங்கள் தெருவின் கதையைத்தான் சொல்லவேண்டும்.

1987ல் நாங்கள் குடிவந்தபோது எங்கள் உறைகிணறு 28 அடி. தை மாதத்தில் ஒன்பதாவது அடியில் தண்ணீர் நிற்கும். என் மாமனார் நைலான் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டி வைத்திருந்தார். ஞாயிறு காலை அதைக் கிணற்றில் இறக்கிப் பார்த்து நோட்டில் எழுதுவார். அவருக்குப் பிறகு நான் எழுதுகிறேன்.

1996ல் எதிர்வீட்டில் 120 அடிக்கு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டார்கள். மாடி கட்டி இரண்டு குடித்தனம் வைத்திருந்தார்கள், அவர்களுக்குத் தேவை இருந்தது. அடுத்த கோடையில் பக்கத்துக் கிணறுகள் இறங்கின. இறங்கியதால் நான்கு வீட்டுக்காரர்கள் போர் போட்டார்கள். அதனால் மேலும் இறங்கியது. பிறகு 220 அடி. 2003 கோடையில் ஒரு வீட்டில் 350 அடி போட்டு, புழுதி மட்டும் வந்தது. எங்கள் பக்கம் கொஞ்சம் ஆழம் போனால் பாறைதான். பாறை வெடிப்பில் இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. அந்த வருடம் என் நோட்டில் தொடர்ந்து பதினோரு ஞாயிறு "வறண்டது" என்று எழுதியிருக்கிறேன். இதில் கெட்டவர் யாருமே இல்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குச் சரியானதைத்தான் செய்தார்கள்.

சட்டம் வந்ததும் எல்லோரும் அவசர அவசரமாகக் குழி தோண்டி ஜல்லி நிரப்பினோம். இரண்டு மழையில் எங்கள் குழி சேறு அடைத்துக்கொண்டது. அப்போது வேலைக்கு வந்த கொத்தனார்தான், "கிணறு இருக்கையில் குழி எதுக்கும்மா?" என்று கேட்டார். மொட்டைமாடிக் குழாயை ஒரு வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்கே திருப்பினோம். முதல் மழையை வெளியே விட்டுவிடுவோம், மாடியைப் புரட்டாசியிலேயே பெருக்கிவிடுவோம். எங்களைப் பார்த்து இன்னும் மூன்று வீட்டார் செய்தார்கள்.

முதல் வருடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வீட்டார் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். மூன்றாவது கோடையில்தான் கிணறு வற்றவில்லை என்பதைக் கவனித்தேன். இந்தத் தாமதம்தான் ஆளைத் தோற்கடிக்கிறது தம்பி. இன்று போர் போட்டால் இன்றே தண்ணீர் வரும், கேடு பிறகுதான் தெரியும். மழைநீரை இறக்கினால் இன்று செலவு, பலனுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். நோட்டு இருந்ததால்தான் நான் விடாமல் இருந்தேன். 2019 ஜூனில்கூட 24வது அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது.

இப்போது கணக்கைப் பார். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி, சென்னையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. வீணாவது போக ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கலாம். ஒரு நாளைக்குத் தலைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேர் குடும்பத்துக்கு ஆறு மாதம் வரும். ஆனால் 24 வீட்டுக்கு 6,000 சதுர அடி மொட்டைமாடி இருந்தால் அந்த மழை 46 நாளைக்குத்தான். தனிவீடுகள் அடுக்ககங்களாக மாறியபோது மொட்டைமாடி பெருகவில்லை, ஆட்கள் பெருகினார்கள். சட்டத்தில் தப்பில்லை. அது மட்டுமே போதும் என்று நினைத்ததுதான் தப்பு.

வெள்ளத்துக்கு வருகிறேன். தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலில் சேரும். அந்தச் சதுப்பில் குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், அலுவலகங்கள் கட்டினோம். 2022ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் அதற்குக் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் இழந்த பரப்பு இழந்ததுதான். தங்குவதற்கு இடம் இல்லாத மழைநீர் ஐப்பசி, கார்த்திகையில் வேளச்சேரி வீடுகளுக்குள் வருகிறது. மண்ணில் இறங்காமல் ஓடிவிட்டதால் சித்திரையில் அது இருப்பதில்லை. 2018ல் பருவமழையும் பொய்த்ததும், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். பெரிதாகத் தோன்றும். அதே 135 லிட்டர் கணக்கில் பதினெட்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரு நாள் தண்ணீர்.

கேள்வி: மின்சாரம் மிச்சமாகும் என்று ஐந்து நட்சத்திர ஏசி வாங்கினோம். கரண்ட் பில் குறையவே இல்லை. ஏமாந்துவிட்டோமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஏசி ஏமாற்றவில்லை. முன்பு எத்தனை மணி நேரம் போட்டீர்கள், இப்போது எத்தனை மணி நேரம் என்று வீட்டில் கேளுங்கள். "இதுதான் கம்மியா இழுக்குமே" என்று மத்தியானமும் ஓட ஆரம்பித்திருக்கும். நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரங்கள் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று ஜெவான்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1865லேயே சொன்னார். மலிவானதை நாம் அதிகம் புழங்குகிறோம்.

வெளியே மாட்டியிருக்கும் யூனிட் யார் ஜன்னலைப் பார்த்து ஊதுகிறது என்றும் பாருங்கள். அந்த வெக்கையில் அவர் ஜன்னலை மூடிவிட்டு ஏசி வாங்குவார். அவருடையது அடுத்த வீட்டைப் பார்த்து ஊதும். எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்றுக் கதையேதான் இது.

24லிருந்து 26 வரை வைத்து ஃபேனையும் போடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. மொட்டைமாடிக்குப் பங்குனிக்கு முன்பே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் சட்டென்று ஏறும், ஆகவே ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். பில் வந்தபிறகு பார்ப்பது முடிந்துபோன பரீட்சைக்குப் படிப்பது மாதிரி.

கேள்வி: பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று கல்யாண வீடுகளில் தாம்பூலத்துக்குத் துணிப்பை தருகிறார்கள். எங்கள் வீட்டில் நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. இது நல்லதா, கெட்டதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நாற்பதில் நான்கைத்தான் கடைக்கு எடுத்துப் போவீர்கள். மீதி முப்பத்தாறும் பருத்தி விளைந்து, நூலாகி, சாயம் ஏறி அலமாரிக்கு வந்தவை. சாயம் எங்கே போகும் என்பதை நொய்யல் ஆறு நமக்குக் காட்டியது. ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்குத் தேக்கிய தண்ணீர் சாயத்தண்ணீராகி, 2011ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. அந்தப் பைகளைத் துவைத்து, தெருமுனைக் காய்க்கடையில் கொடுத்துவிடுங்கள். பை கொண்டுவர மறந்தவர்கள் எடுத்துப்போய்த் திருப்பித் தரட்டும். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தேங்காய், வெற்றிலையைக் கையில் கொடுத்தால் மரியாதை ஒன்றும் குறையாது.

கேள்வி: கயிறு விட்டுப் பார்க்க எங்களுக்குக் கிணறு இல்லை, போர் மட்டும்தான். நாங்கள் எதைப் பார்ப்பது?
– வாசகர், ஆவடி

பதில்: நல்ல கேள்வி. மேல்டேங்க் காலியானதும் மோட்டாரைப் போட்டு, நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். அந்த நேரத்தில் வீட்டில் எந்தக் குழாயும் திறந்திருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை, ஒரே தேதியில் பார்த்தால் போதும். ஜனவரியில் 40 நிமிடம் ஆனது ஏப்ரலில் 60 ஆனால் கீழே தண்ணீர் இறங்குகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் மோட்டாரில் கோளாறு இல்லையா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கத்து இரண்டு வீட்டையும் எழுதச் சொல்லுங்கள். மூன்று வீட்டிலும் சேர்ந்து ஏறினால் தெருவே கூடிப் பேசவேண்டிய நேரம் வந்துவிட்டது. மூன்று மாதக் குறிப்பை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.