பீலி முனையில் மே மாத விடியல்: பறவை பார்ப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஸ்காபரோவிலிருந்து: ரொறன்ரோவிலிருந்து நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வரவேண்டும். ஈரி ஏரிக்குள் நீளும் மணல்முனையான பொயின்ற் பீலிக்கு எந்தத் தேதியில் வந்தால் அதிகப் பறவைகளைப் பார்க்கலாம்?

தேதியை விடக் காற்றின் திசையே முக்கியம். மே மாத இரண்டாம் வாரம் உச்சம் என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் அந்த வாரத்தில் எந்த நாள் என்பதை வானிலைதான் தீர்மானிக்கிறது. இங்கே வரும் வார்ப்ளர் போன்ற சிறு பாடும் பறவைகள் இரவில் பயணம் செய்பவை. அந்திக்குப் பின் தெற்கே அமெரிக்காவின் ஒகையோ கரையிலிருந்து கிளம்பி, தெற்குக் காற்றின் துணையோடு ஈரி ஏரியைக் கடக்கின்றன. விடியும்வரை அதே காற்று வீசினால், பெரும்பாலானவை நம் தலைக்கு மேலே உயரத்தில் பறந்து உள்நாட்டுக்குப் போய்விடும். நள்ளிரவில் வடக்கிலிருந்து குளிர்காற்றும் மழையும் எதிர்ப்பட்டாலோ, நடு ஏரியில் இறங்க இடமில்லாத அவை, முதலில் கண்ணில் படும் நிலமான இந்த மணல்முனையில் விழுந்தாற்போல் இறங்கும்.

அப்படியொரு காலையில், தணல் நிறத் தொண்டையுள்ள பிளாக்பர்னியன் வார்ப்ளர் ஒன்று என் காலணிக்கு இரண்டடி தள்ளி, ஈர மணலில் கிடந்த கட்டையின் மேல் ஏறி, குளிரில் விறைத்திருந்த ஏரிப்பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. அதன் எடை ஏறக்குறைய 10 கிராம். நமக்குக் கொண்டாட்டமான அந்தக் காலை, அதற்கு உயிர் பிழைக்கும் பாடு. அருகில் வந்தால் அசையாமல் நில்லுங்கள், பின்தொடராதீர்கள், கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடாதீர்கள்.

மார்க்கத்திலிருந்து: இந்த வார்ப்ளர்களும், தமிழ்நாட்டுக்குக் குளிர்காலத்தில் வரும் கதிர்க்குருவிகளும் ஒன்றா?

இல்லை. ஆங்கிலப் பெயர் பொதுவாக இருந்தாலும் குடும்பங்கள் வேறு. பீலியில் 40க்கும் மேற்பட்ட வார்ப்ளர் வகைகள் பதிவாகியுள்ளன. அவை அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. இடத்தின் பெயரும் அப்படித்தான்: நமக்குப் பீலி என்றால் மயிலிறகு, பிரெஞ்சு மூலத்தில் அது மரமற்ற மொட்டை நிலத்தைக் குறிக்கும்.

பிராம்ப்டனிலிருந்து: மே 10 நல்லதா, 17 நல்லதா?

முதல் பதிலைப் பாருங்கள். பிந்தி வந்தால் ஈப்பிடிப்பான்களும் பிளாக்போல் வார்ப்ளர்களும் கூடுதலாகக் கிடைக்கும்.

வின்ட்சரிலிருந்து: விடியற்காலையில் முனையிலிருந்து பறவைகள் தெற்கே, ஏரியை நோக்கிப் பறந்ததைக் கண்டேன். வசந்தத்தில் வடக்கே அல்லவா போகவேண்டும்? இவை வழி தவறியவைதானே?

இந்தக் கேள்விக்காகவே இத்தனை கேள்விகளுக்கும் பதில் எழுதலாம். நீங்கள் கண்டது பின்னோக்கிய வலசை. பீலிப் பகுதியில் இது நெடுங்காலமாகவே கவனிக்கப்பட்டு வருகிறது; கனடியப் பறவையியலாளர் ஹாரிசன் லூயிஸ் 1939இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வழி தவறியவை என்று நான் ஏற்கமாட்டேன். இரவில் இலக்கைத் தாண்டி வந்துவிட்ட பறவை, பகலில் தன்னைத் திருத்திக்கொண்டு திரும்புவது பிழையன்று.

வின்ட்சரிலிருந்து மீண்டும்: திருத்திக்கொள்ளும் பறவை, களைத்த உடலோடு 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை ஏன் மறுபடி கடக்கவேண்டும்? முனை கூம்பி முடிவதால் கரையோரமாகப் பறந்து வந்து சிக்கிக்கொள்கின்றன என்பதே என் எண்ணம்.

கரை அவற்றை முனைக்குத் திரட்டிக் கொண்டுவருகிறது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் சிக்கிக்கொண்டவை எல்லாம் திரும்பிவிடவேண்டும் அல்லவா? பால்டிமோர் ஓரியோல்கள் கூட்டமாக முனையின் கடைசி மரத்தில் அமர்ந்து, ஒன்று கிளம்ப மற்றவை தொடர்ந்து, சில நூறு அடி தண்ணீருக்கு மேல் போனபின் பாதி திரும்பி வருவதையும், மீதி கண்ணுக்கு மறையும்வரை நேராகத் தெற்கே போவதையும் பல காலைகளில் பார்த்திருக்கிறேன். ஒரே கூட்டத்தில் இரண்டு முடிவுகள். ஆகவே ஒற்றைக் காரணம் போதாது என்பதே என் கருத்து. அடுத்த முறை, போனவற்றையும் திரும்பியவற்றையும் தனித்தனியாக எண்ணி, காற்றின் திசையோடு குறித்துவையுங்கள்.

மிசிசாகாவிலிருந்து: கைபேசியில் குரலை ஒலித்தால் பறவை உடனே வெளியே வருகிறதே, ஐயா. அதில் என்ன தவறு?

எதிரி ஒருவன் வந்துவிட்டான் என்று நினைத்தே அது வருகிறது. இரவெல்லாம் பறந்து கொழுப்பைக் கரைத்துவிட்ட பறவை, இரை தேடவேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. படம் கிடைக்காவிட்டால் போகட்டும், செய்யாதீர்கள்.

ஓக்வில்லிலிருந்து: கேர்ட்லண்ட் வார்ப்ளரைப் பார்க்க முடியுமா?

எப்போதாவது. முக்கியமாக மிச்சிகனின் இளம் ஜாக் பைன் காடுகளில் கூடு கட்டும் இப்பறவை, 2019இல் அமெரிக்காவின் அழியும் நிலை உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்படும் அளவுக்கு மீண்டிருக்கிறது. கண்டுவிட்டால் சூழ்ந்து நிற்காதீர்கள்.

அஜாக்ஸிலிருந்து: எந்த வாரம் விடுப்பு எடுக்கலாம்?

மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: மே இரண்டாம் வாரம், நாளைக் காற்றுக்கு விட்டுவிடுங்கள்.

கிச்சனரிலிருந்து: குழந்தைகளை அழைத்து வரலாமா?

தாராளமாக. நீளக் காற்சட்டை அணிவித்து, மாலையில் உண்ணி இருக்கிறதா என்று உடலைச் சோதியுங்கள். பாதையை விட்டு இறங்கினால் நச்சுப் படர்கொடி உண்டு. முனையில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். தண்ணீரில் இறங்கவே விடாதீர்கள்.

லண்டனிலிருந்து (ஒன்ராறியோ): எங்கள் ஜன்னலில் மோதிய குருவி எழவில்லை. என்ன செய்வது?

காற்றுத் துளைகளிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். உணவோ தண்ணீரோ ஊட்டவேண்டாம். உடனே அருகிலுள்ள வனவிலங்கு மறுவாழ்வு மையத்தை அழையுங்கள். சிகிச்சை என் துறை அன்று.