பழைய டி-ஷர்ட்டில் மிதியடி செய்து விற்க, செயினை அடகு வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். திருச்சியில் வசிக்கிறேன். கணவரின் சம்பளம் 28,000 ரூபாய். அதில் வீட்டுக்கடன் தவணைக்கு 9,000, சீட்டுக்கு 3,000 போய்விடும். வீட்டில் சேர்ந்துபோன பழைய டி-ஷர்ட்டுகளை வெட்டி மிதியடி, கரித்துணி, காய்கறிப் பை எல்லாம் செய்கிறேன். பார்க்கிறவர்கள் "இதை விற்கலாமே" என்கிறார்கள். பவர் மெஷின், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின், சின்னக் கடைக்கு அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் ஆகும்போலத் தெரிகிறது. என் செயினை அடகு வைத்து ஆரம்பிக்கலாமா?

பதில்: செயின் கழுத்திலேயே இருக்கட்டும். உங்கள் கைவேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, கணக்கு இடிக்கிறது.

ஒரு மிதியடிக்கு நாலைந்து டி-ஷர்ட் பிடிக்கும். ஓர் அங்குல நாடாவாக வெட்டி, இழுத்துச் சுருட்டி, பின்னி, தைத்து முடிக்க மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 150 ரூபாய்க்கு விற்றாலும் சோப்பு, நூல், கரண்ட் போக 130 நிற்கும். மணிக்கு 40 ரூபாய்கூட இல்லை. நகைக்கடனுக்கு ஆண்டுக்கு 9 சதவீதம் வட்டி என்றாலே மாதம் 900 ரூபாய். அதாவது முதல் ஏழு மிதியடியும் வட்டிக்கே போகும். கடை வாடகை தனி.

போட்டியையும் பாருங்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங்கில் விழும் துண்டுத்துணி கிலோக் கணக்கில் விலைபோகிறது. மெக்கானிக் ஷெட்டில் கை துடைக்கும் வேஸ்ட் துணியும் அதிலிருந்து வருவதுதான், மலிவு மிதியடியும் அதில்தான் செய்கிறார்கள். அது புதுத்துணி, துவைத்துக் காயவைக்கும் வேலை கிடையாது. உங்களுக்குத் துணி சும்மா கிடைக்கலாம், உங்கள் நேரம் சும்மா கிடைப்பதில்லையே! பாராட்டுகிறவர்களிடம் "150 ரூபாய், ஒன்று எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் பர்ஸைத் திறக்கிறார்கள் என்பதுதான் மார்க்கெட்.

சரி, அப்படியானால் இந்த வேலையில் பணமே இல்லையா? இருக்கிறது, மிதியடியில் இல்லை. மகன் பள்ளியில் ஓடி ஜெயித்த டி-ஷர்ட், கல்லூரி கடைசி வருடத்தில் நண்பர்கள் கையெழுத்துப் போட்ட டி-ஷர்ட், தாத்தா விரும்பிப் போட்டது என்று தூக்கிப்போட மனமில்லாமல் பீரோவில் அடைந்து கிடப்பவை எத்தனையோ வீடுகளில் உண்டு. அவற்றைக் குஷன் உறையாகவோ, பத்துப் பன்னிரண்டைச் சேர்த்துப் போர்வையாகவோ தைத்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள். துணி அவர்களுடையது, நீங்கள் வாங்குவது தையல் கூலி. பாதியை முன்பணமாக வாங்கிவிட்டால் கைக்காசு முடங்காது, விற்காமல் தேங்கும் சரக்கும் இருக்காது. மிதியடிக்குப் பேரம் பேசுகிறவர், மகனின் டி-ஷர்ட் என்றால் அவ்வளவு பேசமாட்டார்.

இதற்கு வீட்டில் இருக்கும் சாதாரணத் தையல் மெஷினே போதும். பனியன் துணிக்கென்று விற்கும் பால்பாயிண்ட் ஊசியை மாட்டுங்கள். சாதாரண ஊசி இழையை அறுத்துப் பொத்தல் போட்டுவிடும். பின்பக்கம் ஒட்டும் கேன்வாஸ் வைத்து அயர்ன் செய்துவிட்டுத் தைத்தால் துணி இழுபடாது. பிரிண்ட் இருக்கும் இடத்தில் நேராக அயர்ன் வைத்துவிடாதீர்கள், மேலே ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தவர் வீட்டுப் பொக்கிஷம் கருகினால் கூலி போகட்டும், பேரும் போய்விடும்.

வீட்டுக்குச் செய்வதையும் நிறுத்த வேண்டாம். கரித்துணிக்கும் தரை துடைக்கவும் முழுப் பருத்தியை மட்டும் எடுங்கள். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, சூடான பாத்திரத்தில் பட்டால் உருகவும் செய்யும். பனியன் துணிப் பை பாரத்துக்கு நீண்டுவிடும் என்பதால் கீரை, வெங்காயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடையில் வாங்காமல் விட்டதில் மாதம் 200 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், அந்த 200-ஐ அஞ்சலக ஆர்.டி.யில் போடுங்கள். 6.7 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டில் சுமார் 14,270 ரூபாய் வரும். தனியாக எடுத்து வைக்காவிட்டால் அது மளிகைக் கடையில் கரைந்துவிடும், எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

ஆறு மாதம் இப்படி ஓட்டி, மெஷின் பற்றாமல் ஆர்டரைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தால் அப்போது ஓவர்லாக் வாங்குங்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. கடை அப்போதும் வேண்டாம். ஜி.எஸ்.டி. பற்றிக் கவலைப்படும் அளவுக்கு விற்பனை வர இன்னும் வெகுதூரம் இருக்கிறது. சிறுதொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள். அரசின் இணையதளத்தில் அது முழுக்க இலவசம். கட்டணம் என்று யாராவது கேட்டால் அவர் இடைத்தரகர், கொடுக்காதீர்கள்.